ஜமைக்காவில் சூரிய மின்சாரம்: யாருக்கு விற்பீர்கள்?

கேள்வி: திருப்பூரைச் சேர்ந்தவன். இப்போது கனடாவில் ஸ்கார்பரோவில் மின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் வேலை. உடன் வேலை செய்யும் ஜமைக்கா நண்பரின் குடும்பத்துக்குக் கிளாரண்டன் மாவட்டத்தில் 12 ஏக்கர் நிலமும், மே பென் நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டும் இருக்கின்றன. நிலத்தில் 3 மெகாவாட், கடைக் கூரையில் 200 கிலோவாட் சூரிய மின் அமைப்பு போடலாம், நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 3 லட்சம் அமெரிக்க டாலர் போட்டால் மீதியை வங்கி தரும் என்கிறார். “அங்கே யூனிட் 30 சென்ட். நாம் 25-க்குக் கொடுத்தாலே நாலு வருஷத்தில் முதல் திரும்பிவிடும். மின் நிறுவனத்தின் உரிமம் 2027-ல் முடிகிறது. அப்புறம் சந்தை திறந்துவிடும், பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கே விற்கலாம்” என்பது அவர் கணக்கு. ஊரில் என் மாமா மகன் காற்றாலை மின்சாரத்தை மில்லுக்குக் கொண்டுபோகிறார். அங்கேயும் அப்படிச் செய்ய முடியுமா? இந்த முதலீட்டில் இறங்கலாமா?

பதில்: நிலத் திட்டத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கூரைத் திட்டத்தில் இறங்கலாம், ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் வடிவத்தில் அல்ல. வெயில், பேனல், விலை இவற்றில் எதுவும் சிக்கல் இல்லை. உங்கள் மின்சாரத்தைச் சட்டப்படி வாங்கக்கூடியவர் யார், அவர் அடுத்த இருபது ஆண்டும் பணம் கொடுக்கும் நிலையில் இருப்பாரா என்ற இரண்டு கேள்விகளுக்கும் நண்பரின் கணக்கில் விடை இல்லை.

முதலில் அந்த நாலு வருஷம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜமைக்காவின் தென் சமவெளியில் நிலத்தில் நிறுத்தும் 1 மெகாவாட் பேனலிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 17 லட்சம் யூனிட் எதிர்பார்க்கலாம். 3 மெகாவாட்டுக்கு 51 லட்சம் யூனிட். இந்த அளவுச் சிறு திட்டத்துக்கு மெகாவாட்டுக்கு 14 லட்சம் டாலர் என்று வைத்தால் மொத்தம் 42 லட்சம் டாலர். யூனிட் 25 சென்ட் என்றால் ஆண்டு வருமானம் 12.75 லட்சம். நாலு வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடும், உண்மைதான். ஆனால் 25 சென்ட் கொடுத்து யாரும் வாங்கமாட்டார்கள்.

நுகர்வோர் கட்டும் 30 சென்டுக்குள் எரிபொருள், உயர் அழுத்தக் கம்பிகள், மின்மாற்றிகள், மீட்டர், டாலர் மாற்று விகிதச் சரிக்கட்டல், திருட்டு போகும் மின்சாரத்தின் விலை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. உற்பத்தியாளருக்குப் போவது அதில் ஒரு பகுதி. உங்கள் நண்பரின் கிளாரண்டனிலேயே, கன்டென்ட் கிராமத்தில், 2016-ல் 20 மெகாவாட் சூரிய நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. அதன் ஒப்பந்த விலை 18.8 சென்டை ஒட்டி இருந்தது. அதற்கடுத்த டெண்டரில் வென்ற 37 மெகாவாட் நிலையம் வெஸ்ட்மோர்லண்டின் பாரடைஸ் பார்க்கில் 2019-ல் ஓடத் தொடங்கியபோது விலை 8.54 சென்ட். ஒரே தீவு, ஒரே வெயில், ஒரே வாங்குபவர், விலை மட்டும் பாதிக்கும் கீழே. இன்று 3 மெகாவாட்டோடு போகிறவர் அந்த 8.54-ஐ ஒட்டித்தான் கணக்குப் போட வேண்டும். 9 சென்ட் என்று வைத்தால் உங்கள் 51 லட்சம் யூனிட்டுக்கு ஆண்டு வருமானம் 4.6 லட்சம் டாலர். முதல் திரும்ப ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும், அதுவும் காப்பீடு, பராமரிப்பு, வட்டி, வரி எதையும் கழிக்காமல். பெரிய நிலையங்கள் அந்த விலையில் பிழைப்பது அளவால்தான். துணைமின் நிலைய இணைப்பு, வழக்கறிஞர், சுற்றுச்சூழல் அனுமதி போன்ற செலவுகள் 3 மெகாவாட்டுக்கும் 30 மெகாவாட்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசப்படுவதில்லை.

அடுத்து, யாருக்கு விற்கலாம் என்பது. ஜமைக்காவின் மின்சாரச் சட்டம் 2015-ல் வந்தது. அதுவரை நடப்பில் இருந்தது 1890-ஆம் ஆண்டின் மின்விளக்குச் சட்டம் என்பதை நினைத்துப் பாருங்கள். புதிய சட்டத்தில் வேலைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. எவ்வளவு மின்சாரம், எந்த வகையில், எப்போது வேண்டும் என்ற ஒருங்கிணைந்த மின்வளத் திட்டத்தை எரிசக்தி அமைச்சகம் தயாரிக்கும். அதன்படி புதிய உற்பத்திக்கு டெண்டர் விடுவது உற்பத்திக் கொள்முதல் அமைப்பு என்ற தனி அமைப்பு. விலையையும் சேவைத் தரத்தையும் கண்காணிப்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான பொதுப் பயன்பாட்டு ஒழுங்குமுறை அலுவலகம். உரிமம் தருவது அந்த அலுவலகத்தின் பரிந்துரையின் பேரில் அமைச்சர். மின்கடத்தல், பகிர்மானம், சில்லறை விற்பனை மூன்றும் ஜமைக்கா பப்ளிக் சர்வீஸ் கம்பெனி என்ற ஒரே நிறுவனத்திடம். ஜேபிஎஸ் என்பார்கள். உற்பத்தியில் மட்டும்தான் போட்டி உண்டு, அப்படி உற்பத்தியாகும் மின்சாரத்தையும் மொத்தமாக வாங்குவது ஜேபிஎஸ்தான்.

ஆகவே பக்கத்துத் தொழிற்சாலைக்கு நேராகக் கம்பி இழுத்து யூனிட் கணக்கில் விற்பது உரிமம் இல்லாத மின் விநியோகம் ஆகிவிடும். உங்கள் மாமா மகன் முப்பந்தல் பக்கம் காற்றாலை வைத்துக்கொண்டு மின்வாரியத்தின் கம்பி வழியே தன் மில்லுக்கு மின்சாரம் கொண்டுபோகிறார் என்றால், அதற்கு இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும், கம்பிக்கு இவ்வளவு கட்டணம் என்ற ஆணைகளும், பதினைந்து நிமிடக் கணக்குத் தீர்வும் பின்னால் இருக்கின்றன. ஜமைக்காவிலும் சொந்த மின்சாரத்தைப் பொதுக் கம்பி வழியே சொந்தமாக உள்ள இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு பற்றிய பேச்சும் விதிகளும் உண்டு. ஆனால் அது தன் மின்சாரத்தைத் தானே பயன்படுத்துவதற்கு. அயலாருக்கு விற்க அதில் வழியில்லை.

இனி 2027. நண்பர் சொல்வதில் உண்மை இருக்கும் இடம் இது. உண்மையான ஆபத்தும் இங்கேதான். கொஞ்சம் பின்னால் போனால்தான் புரியும். ஜேபிஎஸ் 1970-களில் அரசுடைமை ஆனது. 2001-ல் அரசு 80 விழுக்காட்டை அமெரிக்காவின் மிரண்ட் நிறுவனத்துக்கு விற்று, தீவு முழுமைக்குமான உரிமத்தையும் கொடுத்தது. 2007-ல் ஜப்பானின் மருபெனி அந்தப் பங்கை வாங்கியது. பின்னர் கொரியாவின் ஈஸ்ட் வெஸ்ட் பவர் அதில் பாதியை எடுத்துக்கொண்டது. இன்று இருவருக்கும் 40, 40. அரசிடம் 19.9. எஞ்சிய துளி சிறு பங்குதாரர்களிடம். தனியுரிமை செல்லாது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அதற்கு மேலே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் அதைத் தலைகீழாக்கியது. 2016-ல் திருத்தி வழங்கப்பட்ட இப்போதைய உரிமம் 2027 ஜூலை 8-ல் முடிகிறது. இதே நிபந்தனைகளில் அதை நீட்டிக்கப்போவதில்லை என்று அரசு சொல்லிவிட்டது.

“தனியுரிமை முடிகிறது, ஆகவே சந்தை திறக்கும்” என்ற முடிவு இதிலிருந்து தானாக வராது. உரிமம் போனாலும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கம்பிகளும் மீட்டர்களும் அதே இடத்தில் இருக்கின்றன. அரசே எடுத்து நடத்தலாம், புதிய முதலீட்டாளரிடம் புதிய நிபந்தனைகளில் கொடுக்கலாம், கடத்தலையும் பகிர்மானத்தையும் தனித்தனியாகப் பிரிக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தாலும், சட்டத்தைத் திருத்தி, கம்பிக் கட்டணத்தை நிர்ணயித்து, யார் எவ்வளவு ஏற்றினார் எவ்வளவு எடுத்தார் என்று கணக்குத் தீர்க்க ஓர் அமைப்பை ஏற்படுத்திய பிறகே நீங்கள் தொழிற்சாலைக்கு விற்க முடியும். ஜூலை 9-ஆம் தேதி காலையில் நடக்கிற காரியம் அல்ல. அதை நம்பி இன்று நிலத்தில் தூண் இறக்குபவர் சட்டசபையின் நாள்காட்டியை நம்பித் தூண் இறக்குகிறார்.

ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ள உற்பத்தியாளர்களுக்கு இந்த மாற்றம் அவ்வளவு பயங்கரம் இல்லை. அவர்களுக்குத் தரும் விலையை ஒழுங்குமுறை அலுவலகம் ஒப்புக்கொண்டு, நுகர்வோர் கட்டணத்திலேயே வசூலிக்க விடுகிறது. யார் வந்தாலும் அந்த நிலையங்கள் இல்லாமல் விளக்கு எரியாது. ஆனால் வாங்குபவரின் கையிருப்பு ஆட்டம் காணும்போது பணம் தாமதமாவது முதலில் அவர்களுக்குத்தான். ஜேபிஎஸ்ஸின் தீராத நோய் மின் இழப்பு. தீவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் கால் பங்குக்கும் மேல் பில் ஆகாமல் போகிறது. கம்பியும் மின்மாற்றியும் தின்னும் தொழில்நுட்ப இழப்பு அதில் சிறு பகுதி. பெரும்பகுதி கொக்கி போட்டு எடுப்பதும் மீட்டரை ஏமாற்றுவதும். இவ்வளவு இழப்பு வரைதான் கட்டணத்தில் ஏற்றலாம் என்று ஒழுங்குமுறை அலுவலகம் இலக்கு வைக்கிறது. அதைத் தாண்டியது நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் விழும். எரிபொருளிலும் அப்படியே: ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு வெப்பம்தான் செலவாக வேண்டும் என்ற இலக்கு உண்டு. பழைய இயந்திரம் கூடுதலாகக் குடித்தால் அந்தச் செலவு முழுதும் பில்லில் ஏறாது. இந்த நோய் எப்படி இருக்கிறது என்பதை ஜேபிஎஸ்ஸின் ஆண்டறிக்கையில் மின் இழப்பு, வரவேண்டிய பாக்கி என்ற இரு வரிகளைப் படித்தே சொல்லிவிடலாம்.

இதன் மேல் புயல். 2024 ஜூலையில் பெரில் தென்கரையை உரசிக்கொண்டு போனது. கிளாரண்டனின் தெற்கும் செயின்ட் எலிசபெத்தும் அடி வாங்கின. 2025 அக்டோபர் 28-ல் மெலிசா ஐந்தாம் வகைப் புயலாக, மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீட்டர் வேகத்தில், வெஸ்ட்மோர்லண்டில் கரை ஏறியது. கரீபியனில் மின்கம்பங்களுக்கும் கம்பிகளுக்கும் கட்டுபடியாகும் விலையில் காப்பீடு கிடைப்பதில்லை. ஜமைக்காவில் நுகர்வோர் பில்லிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்க்கும் பேரிடர் நிதி ஒன்று உண்டு, மெலிசா அளவுக்கு அது போதாது. சீரமைப்புக்கு அரசே 15 கோடி அமெரிக்க டாலர் கடனாகக் கொடுக்க வேண்டி வந்தது. உரிமம் முடியப்போகும் நிறுவனம், புயலடித்த கம்பிகள், புதிய கடன் மூன்றும் சேர்ந்த நேரத்தில் இருபது ஆண்டு ஒப்பந்தம் போட நினைக்கிறீர்கள்.

அப்படியும் நிலத் திட்டம் வேண்டும் என்றால் வாசல் ஒன்றே ஒன்றுதான், டெண்டர். உற்பத்திக் கொள்முதல் அமைப்பு 2023-ல் 100 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு டெண்டர் அழைத்தது. அடுத்தடுத்தும் அழைக்கும், ஏனென்றால் 2030-க்கான புதுப்பிக்கத்தக்க மின் இலக்கை எட்ட வேறு வழியில்லை. “என்னிடம் நிலம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்” என்று ஜேபிஎஸ்ஸின் கதவைத் தட்டுவதற்கு அங்கே இடமில்லை. ஏலத்தில் நிற்பவர் கைவசம் வைத்திருக்க வேண்டியவை: பெயர் பதிவான நிலப் பத்திரம் அல்லது நீண்டகாலக் குத்தகை, வெயில் அளவீட்டு அறிக்கை, இணைப்புப் புள்ளி ஆய்வு, இதே அளவில் முன்பு கட்டிய அனுபவம், கடன் தருபவரின் உறுதிக் கடிதம், ஏல வைப்பு, வென்றால் செயல்திறன் வைப்பு (சொன்னபடி கட்டி முடிப்போம் என்பதற்கான பிணைத்தொகை). கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 381 மெகாவாட் நிலையம் கட்டத் தேர்வான நிறுவனம் அந்த வைப்பைக் கட்டி முடிக்காமல் 2014-ல் திட்டமே கைவிடப்பட்டது. தீவு எண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு மாறுவது சில ஆண்டு தள்ளிப்போனது. 3 மெகாவாட்டோடு தனியே நிற்பதைவிட, ஏலத்தில் நிற்கும் பெரிய நிறுவனத்துக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுப்பதே நண்பரின் குடும்பத்துக்கு லாபம். அதற்கு உங்கள் பணம் தேவைப்படாது.

அந்த 12 ஏக்கரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜமைக்காவில் “குடும்ப நிலம்” என்றால் தாத்தா காலத்திலிருந்து எல்லா வாரிசுகளும் அனுபவிக்கும், யார் பெயரிலும் பத்திரம் இல்லாத நிலமாக இருப்பது மிகச் சாதாரணம். இங்கிலாந்தில் இருக்கும் அத்தையும் நியூயார்க்கில் இருக்கும் சித்தப்பாவும் அதில் பங்காளிகள். தேசிய நில முகமையில் பத்திர எண்ணைக் கொடுத்துத் தேடிப் பார்க்காமல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். பத்திரம் சுத்தமாக இருந்தாலும் மின் நிலையம் கட்ட மாவட்ட மாநகராட்சியின் திட்ட அனுமதியும், தேசியச் சுற்றுச்சூழல் மற்றும் திட்டமிடல் முகமையின் அனுமதியும் வேண்டும். விளைநிலமாக வகைப்படுத்தியிருந்தால் இன்னும் இழுக்கும்.

கூரைக்கு வருவோம். இதில்தான் உங்கள் 3 லட்சத்துக்கு வேலை இருக்கிறது. 200 கிலோவாட் கூரை அமைப்பு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,500 யூனிட் வீதம் 3 லட்சம் யூனிட் தரும். சூப்பர் மார்க்கெட் என்றால் குளிர்பதனப் பெட்டிகள் பகல் முழுதும் ஓடும், மிக நல்ல வாடிக்கையாளர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள், காலை ஏழு மணி ஆகிய நேரங்களில் சுமை எவ்வளவு என்று தெரிந்தால்தான் 200 சரியா, 140 சரியா என்று சொல்ல முடியும். கடையின் பன்னிரண்டு மாத பில்லும், இரண்டு வாரத்துக்குப் பதினைந்து நிமிட இடைவெளியில் எடுத்த சுமைப் பதிவும் கேளுங்கள்.

மிஞ்சும் மின்சாரத்தை ஜேபிஎஸ்ஸுக்குத் தள்ளிவிட நெட் பில்லிங் என்ற ஏற்பாடு உண்டு. வீட்டுக்கு 10 கிலோவாட், வணிக இடத்துக்கு 100 கிலோவாட் என்பது அத்திட்டம் தொடங்கியபோது வைத்த வரம்பு. உங்கள் 200 கிலோவாட்டுக்கு அந்த வழி இருக்கும் என்று நினைத்து வடிவமைக்காதீர்கள். இருந்தாலும் பெரிய லாபம் இல்லை. உள்ளே வரும் யூனிட்டுக்குச் சில்லறை விலை கட்டுகிறீர்கள், வெளியே போகும் யூனிட்டுக்கு, அதனால் ஜேபிஎஸ்ஸுக்கு மிச்சமாகும் எரிபொருள் செலவை ஒட்டிய மொத்த விலைதான் வரும். ஸ்கார்பரோவில் பழகிய, யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்ளும் முறை இது அல்ல. கூரையில் போடும் அளவு பகல் சுமைக்குள் அடங்குவதே நல்லது. மிஞ்சுவதைத் தடுக்க, கம்பிக்கு மின்சாரம் போகாதபடி இன்வெர்ட்டரைக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் மீட்டர் பக்கத்தில் மின்னோட்டத்தை அளக்கும் மாற்றிகளும் வையுங்கள். எந்த வழியானாலும் உரிமம், இணைப்பு ஒப்புதல், உரிமம் பெற்ற மின் ஆய்வாளரின் சான்று ஆகிய மூன்றும் கையில் வராமல் சுவிட்சைப் போடக்கூடாது.

மிச்சமாகும் பணத்தைக் கணக்கிடும்போது எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. பில்லின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து, 30 சென்ட் மிச்சம் என்பார்கள். இந்த அளவுக் கடை, ஜேபிஎஸ்ஸின் வணிகக் கட்டண வகைகளில் ரேட் 40 போன்ற ஒன்றில் இருக்கும். அதில் யூனிட் கட்டணம், எரிபொருள் கட்டணம் இவற்றோடு உச்சச் சுமைக்கு, அதாவது ஒரே நேரத்தில் எடுக்கும் அதிகபட்ச மின்சாரத்துக்கு, கேவிஏ என்ற அளவில் தனிக் கட்டணம் உண்டு. நேரவாரிக் கட்டணம் எடுத்திருந்தால் வார நாட்களில் மாலை 6 முதல் 10 வரைதான் உச்ச நேரம், அப்போது சூரியன் இல்லை. பகலில் ஒரு மேகம் அரை மணி நேரம் நின்றாலும் அந்த மாதத்தின் உச்சச் சுமை பழையபடி பதிவாகிவிடும். முந்தைய மாதங்களின் உச்சமும் கணக்கில் வருவதால் ஒரு மாதம் குறைந்தாலும் பில் உடனே குறையாது. எனவே உச்சச் சுமைக் கட்டணத்தில் மிச்சம் சுழியம் என்றே வையுங்கள். யூனிட்டும் எரிபொருளும் சேர்ந்து 20 சென்ட் மிச்சமாகிறது என்றும், 3 லட்சத்தில் 85 விழுக்காடு கடையே பயன்படுத்தும் என்றும் கொள்வோம். 2.55 லட்சம் யூனிட், 51,000 டாலர். இதில் ஐந்தில் ஒரு பங்கைக் கடைக்காரருக்கு விட்டால் உங்களுக்கு 40,800. காப்பீடு, பராமரிப்பு, பன்னிரண்டாம் ஆண்டில் இன்வெர்ட்டர் மாற்றச் சேமிப்பு எல்லாம் 8,000. நிற்பது 32,800. புயலைத் தாங்கும்படி கட்ட வாட்டுக்கு 1.5 டாலர் என்றால் முதல் 3 லட்சம். ஒன்பது ஆண்டு. மோசமில்லை, ஆனால் நாலு அல்ல. கடைக்காரரின் பில் கையில் வந்ததும் அந்த 20 சென்டை உண்மை எண்ணால் மாற்றிக்கொள்ளுங்கள். முழுக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது.

கடைக்காரரோடு போடும் ஒப்பந்தம் யூனிட் விற்பனையாக இருக்கக்கூடாது என்று மேலே சொன்னதிலிருந்தே தெரியும். நீங்கள் கருவியை வாடகைக்கு விடுகிறீர்கள், கடைக்காரர் தன் கூரையில் தனக்கு மின்சாரம் தயாரித்துக்கொள்கிறார். வாடகை மாதத்துக்கு நிலையான தொகை. அமைப்பு ஆண்டில் இவ்வளவு யூனிட்டுக்குக் குறைந்தால் வாடகையில் கழிவு என்று ஒரு விதி வைக்கலாம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று எழுதினால் அது விற்பனை போலத் தோன்றும். இந்த வாசகங்களை ஜமைக்கா வழக்கறிஞர் ஒருவர் எழுத்தில் சரிபார்க்க வேண்டும். ஒன்டாரியோ வழக்கறிஞர் போதாது. வாடகை அமெரிக்க டாலரில் நிர்ணயித்து, அன்றைய விகிதத்தில் ஜமைக்கா டாலரில் கட்டலாம் என்று எழுதுங்கள். கடை மூடினால், கைமாறினால் மீதி ஆண்டுகளுக்கு விலை கொடுத்துக் கருவியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற அட்டவணையும் வேண்டும்.

வரி பற்றிச் சுருக்கமாக. சாதாரண நிறுவனத்துக்கு வருமான வரி 25 விழுக்காடு. ஒழுங்குமுறை அலுவலகத்தின் கீழ் வரும் நிறுவனத்துக்கு 33⅓. நண்பர் இரண்டு திட்டங்களையும் ஒரே நிறுவனத்தில் போடச் சொன்னால் இதற்காகவே மறுத்துவிடுங்கள். கருவி வாடகை தனி நிறுவனம், மின் உற்பத்தி உரிமம் வாங்குவது என்றாவது நடந்தால் அது வேறு நிறுவனம். சூரியத் தகடுகளுக்கு இறக்குமதிச் சலுகைகள் உண்டு. ஆனால் சட்டகம், கேபிள், மாற்று உதிரிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வராது. சுங்க முகவரிடம் உருப்படி வாரியாக விலை கேளுங்கள். வீட்டு உரிமையாளர்களுக்கு 2023-ல் அறிவித்த 30 விழுக்காடு வரிக் கழிவை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தனிநபருக்கு. கனடாவுக்கும் ஜமைக்காவுக்கும் இரட்டை வரி உடன்பாடு இருக்கிறது. ஈவுத்தொகை எடுத்துவரும் முன் அதை உங்கள் கணக்காளருக்குக் காட்டுங்கள்.

நீங்கள் மின் ஒப்பந்தத் தொழிலில் இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: கனடாவில் மலிவாகக் கிடைக்கிறது என்று இன்வெர்ட்டரைக் கப்பலில் ஏற்றிவிடாதீர்கள். ஜமைக்கா 50 ஹெர்ட்ஸ். ஆனால் ஒரு முனை மின்சாரம் இந்தியாவைப் போல 230 வோல்ட் அல்ல, அமெரிக்க பாணியில் 110/220. வட அமெரிக்க இயந்திரம் 60-க்கு அமைந்திருக்கும், இந்திய இயந்திரம் 230-க்கு அமைந்திருக்கும், இரண்டும் நேராகப் பொருந்தாது. கடையில் மும்முனை இணைப்பு எந்த வோல்டேஜில் வருகிறது என்பதை முதன்மைப் பலகையில் அளந்து பார்த்து, அந்த வோல்டேஜுக்கும் 50 ஹெர்ட்ஸுக்கும் சான்று பெற்ற மாதிரியைத்தான் வாங்க வேண்டும். மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொன்னால் சான்றிதழைக் கேளுங்கள்.

புயலில் பேனல்கள் பறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பேனல் அல்ல, அதைப் பிடிக்கும் கவ்வி. மேலிருந்து அழுத்தும் கவ்விகள் ஒன்று கழன்றால் பக்கத்துப் பேனலும் கூடவே கழலும், வரிசை முழுதும் போய்விடும். பேனல் சட்டகத்தின் துளை வழியே போல்ட் போட்டு, கழலாத நட்டு வைத்து முறுக்குங்கள். முறுக்கு விசையை அளவுக் கருவியால் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பேனலைத் தாங்கும் உலோகத் தண்டவாளங்கள் இரண்டுக்குப் பதில் மூன்று. தானே துளைத்து இறங்கும் திருகு வேண்டாம், கூரையின் உத்தரத்தோடு ஊடுருவிப் பிணையுங்கள். கல் பாரம் வைத்து நிறுத்தும் முறையை ஏற்காதீர்கள். பேனலின் பின்பக்கத் தூக்கு விசைக்கான தாங்குதிறனைத் தரவுத்தாளில் பாருங்கள், 2,400 பாஸ்கலோடு நிற்பவை இங்கே போதாது. துத்தநாகத் தகட்டுக் கூரை என்றால் பேனலுக்கு முன்னால் கூரையே பறக்கும், ஆகவே கட்டடப் பொறியாளர் உத்தரங்களைக் கணக்கிட்டுக் கையெழுத்திடாமல் விலைப்புள்ளியே வாங்க வேண்டாம். காப்பீட்டில் புயலுக்கான கழிவு சேதத் தொகையின் மேல் கணக்காகாது, காப்பிட்ட மொத்தத் தொகையின் விழுக்காடாகத்தான் இருக்கும். 3 லட்சத்துக்கு 2 விழுக்காடு என்றால் முதல் 6,000 டாலர் சேதம் உங்களுடையது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் நவம்பர் வரை அந்தத் தொகை வங்கியில் தனியே இருக்க வேண்டும்.

பணத்தை எந்த வரிசையில் வெளியே விடுவது என்றால், முதலில் பில்லும் சுமைப் பதிவும், இதற்குச் செலவே இல்லை. பிறகு கட்டடப் பொறியாளர். அவர் கூரை தாங்கும் என்றால் வழக்கறிஞர். வாடகை ஒப்பந்த வரைவும் மின் உரிம விண்ணப்பமும் ஒன்றாக நகரட்டும். இணைப்பு ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே கருவிக்கு முன்பணம். கடைக் கட்டடம் வங்கியில் அடமானத்தில் இருந்தால், கூரையில் ஏறும் கருவி கட்டடத்தோடு சேர்ந்ததல்ல, உங்களுடையது என்று அந்த வங்கி தரும் கடிதம் அந்த முன்பணத்துக்கும் முன்னால் உங்கள் கையில் இருக்க வேண்டும்.